2004 முடிவும் அப்பாவின் ஓட்டும்

கடிதம்:

வணக்கம் ஐயா. என் அப்பா அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டதால் வேலை போய், பிறகு திரும்பக் கிடைத்தது. 2004 நாடாளுமன்றத் தேர்தல் பற்றிப் பேச்சு வந்தால் "அது நாங்க போட்ட ஓட்டு" என்பார். நான் படித்த கட்டுரைகளோ, 'இந்தியா ஒளிர்கிறது' விளம்பரத்தால் கோபமடைந்த கிராமத்து ஏழைகள் வாஜ்பாய் அரசை இறக்கினார்கள் என்கின்றன. எது சரி?

ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் கிராமத்து ஏழைகள் கதையைப் பார்ப்போம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எண்கள் அதற்கு ஒத்துழைப்பதில்லை. விளம்பரம் சொன்ன ஒளி எங்கேயாவது இருந்தது என்றால் அது டெல்லியிலும் மும்பையிலும்தான். டெல்லியின் 7 தொகுதிகளில் 6, மும்பையின் 6 தொகுதிகளில் 5 காங்கிரசுக்குப் போயின. கிராமங்களும் வறுமையும் நிறைந்த மத்தியப் பிரதேசத்தில் 29க்கு 25, ராஜஸ்தானில் 25க்கு 21, சத்தீஸ்கரில் 11க்கு 10 என்று பாஜக அள்ளியது. நாடு முழுவதும் காங்கிரஸ் 145, பாஜக 138. ஏழு இடம்தான் வித்தியாசம். 1999ஐ விடக் காங்கிரசின் வாக்கு விகிதம் குறைந்திருந்தது: 28.3லிருந்து 26.5 சதவீதம். இடங்கள் மட்டும் 114லிருந்து 145 ஆயின.

பின் எப்படி ஆட்சி போனது? பெரும்பகுதி விடை தெற்கே இருக்கிறது. 1999இல் தமிழ்நாட்டில் திமுகவோடு சேர்ந்த பாஜக அணிக்கு 26 இடங்கள். 2003 முடிவதற்குள் திமுக விலகியது. பாமகவும் மதிமுகவும் திமுகவோடு காங்கிரஸ் பக்கம் போயின. பாஜக அதிமுகவுடன் சேர்ந்தது. முடிவில் 39லும் தோல்வி. ஏறத்தாழ 30 சதவீத வாக்கு வாங்கிய அதிமுகவுக்கு ஒரு இடம்கூட இல்லை. உங்கள் திண்டுக்கல்லையே பாருங்கள். 1999இல் காங்கிரசோடு கூட்டணி வைத்து அதிமுக ஜெயித்த தொகுதி அது. 2004இல் திமுகவோடு சேர்ந்து அதே காங்கிரஸ் அங்கே ஜெயித்தது. ஆந்திராவில் தெலுங்கு தேசமும் பாஜகவும் 1999இல் வைத்திருந்த 36 இடங்கள் 5 ஆகச் சுருங்கின. அங்கே வறட்சியும் விவசாயிகள் தற்கொலையும் உண்மையிலேயே வேலை செய்தன. இந்த இரண்டு மாநிலங்களிலேயே ஐம்பதுக்கு மேல் போய்விட்டது.

பாஜக அணியே ஜெயிக்கும் என்று கணித்தவர்கள் தவறியதற்கும் இதில் பாதி விளக்கம் இருக்கிறது. 2003 டிசம்பரில் மூன்று வட மாநிலங்களை வென்ற உற்சாகத்தில் தேர்தலை முன்கூட்டியே வைத்தார்கள். டெல்லியில் உட்கார்ந்திருந்தவர்கள் வாஜ்பாயின் செல்வாக்கை அளந்தார்கள். பாமக எந்தப் பக்கம் நிற்கிறது என்பது பிரதமர் நாற்காலியைத் தீர்மானிக்கும் என்று அவர்களில் அதிகம் பேர் நினைக்கவில்லை.

சரி, அப்படியானால் உங்கள் அப்பா சொல்வது தப்பா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன்.

முடிவு வந்தது மே 13, வியாழக்கிழமை. மறுநாளே ஆந்திராவில் பதவியேற்ற ராஜசேகர ரெட்டி விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் தரும் கோப்பில் கையெழுத்துப் போட்டார். இடதுசாரிகளின் ஆதரவில் அரசு அமையப்போகிறது என்ற பயத்தில் 17ஆம் தேதி மும்பைப் பங்குச் சந்தை சரிந்து, ஒரே நாளில் இரண்டு முறை வர்த்தகத்தை நிறுத்தினார்கள். 18ஆம் தேதி சோனியா காந்தி பிரதமர் பதவி வேண்டாம் என்றார். நாடு அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த அதே நாளில், சென்னையில் ஜெயலலிதா தன் அரசின் முடிவுகளை வரிசையாகத் திரும்பப் பெற்றார். விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் திரும்ப வந்தது. ரேஷனில் அரிசி வாங்க முடியாமல் செய்த 'எச்' முத்திரை போனது. மதமாற்றத் தடைச் சட்டமும் போனது. வேலைநிறுத்தம் செய்த ஊழியர்கள் மீது மிச்சமிருந்த நடவடிக்கைகள் கைவிடப்பட்டன.

உங்கள் அப்பாவின் நினைவில் இருப்பது அந்த நாளாகத்தான் இருக்க வேண்டும். சுமார் 1.7 லட்சம் பேரை ஒரே வீச்சில் வேலைநீக்கம் செய்த அரசு அது. நீதிமன்றத் தலையீட்டுக்குப் பிறகு பெரும்பாலோர் 2003லேயே வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். ஆனாலும் ஒரு வருடம் கூனிக் குறுகி வேலை பார்த்த மனிதர்கள் அவர்கள். ஓட்டுப் போட்ட எட்டே நாளில் அந்த அரசு பின்வாங்கியதைப் பார்த்த ஆசிரியர், அது தன் ஓட்டு என்று நினைக்காமல் வேறு என்ன நினைப்பார்? இத்தனைக்கும் அது மாநில அரசுக்கான தேர்தல்கூட இல்லை. ஆட்சி அப்படியே இருந்தது. பயம் மட்டும் வந்தது, அந்தப் பயமே போதுமானதாக இருந்தது.

டெல்லியிலும் இதுதான் நடந்தது என்பது என் எண்ணம். ஏழைகள் கொடுத்த தண்டனை இது என்ற விளக்கத்தை ஜெயித்தவர்களும் நம்பினார்கள், தோற்றவர்களில் பலரும் நம்பினார்கள். கிராமப்புற வேலை உறுதி, அதாவது நூறு நாள் வேலை, காங்கிரசின் தேர்தல் அறிக்கையிலேயே இருந்த வாக்குறுதிதான். ஆனால் அந்த நம்பிக்கையும், ஏறத்தாழ 60 இடதுசாரி உறுப்பினர்களின் நெருக்கடியும் இல்லாமல் அது 2005இல் சட்டமாகியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. 2006 பிப்ரவரியில் 200 மாவட்டங்களில் திட்டம் தொடங்கியபோது தமிழ்நாட்டில் தேர்வான ஆறில் திண்டுக்கல்லும் ஒன்று. எண்களை வைத்துப் பார்த்தால் அரைகுறையான ஒரு விளக்கம், உங்கள் ஊர்ப் பெண்களின் கையில் நூறு நாள் கூலியாக வந்து சேர்ந்தது. அதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

கட்டுரை எழுதுகிறவர்கள் மேல்தான் எனக்குக் குறை. இருபது வருடம் கழித்தும் மக்கள் ஒரே மனதாக நினைத்தார்கள் என்று எழுதுகிறார்கள். மாநிலவாரியான முடிவுகள் தேர்தல் ஆணையத்தின் அறிக்கையில் எல்லாருக்கும் கிடைக்கின்றன. படித்துப் பாருங்கள். அப்புறம் அப்பாவிடம் 2003 ஜூலைக்கும் 2004 மே மாதத்துக்கும் நடுவே பள்ளியில் என்னென்ன நடந்தது என்று கேட்டு எழுதி வையுங்கள். அது எந்த அறிக்கையிலும் இல்லை.