ஜெபிக்க வந்தவர் கையில் பவுடர் டப்பா

கேள்வி: எங்கள் சபை ஐயரும் (போதகர்) அவர் மனைவி ஐயரம்மாவும் ஊட்டச்சத்துப் பவுடர் விற்கிறார்கள். வீடு சந்திக்க வரும்போதெல்லாம் டப்பாவும் கூட வருகிறது. என் மாமியாருக்குச் சர்க்கரை. “இதைக் குடித்தால் போகப்போக மாத்திரையே வேண்டாம்” என்று 2 டப்பா தந்தார்கள். 4,600 ரூபாய், பில் இல்லை. ஒன்றை இன்னும் பிரிக்கவில்லை. இப்போது என்னையும் இந்த விற்பனையில் சேர்ந்து, எனக்குக் கீழே 3 பேரைப் பிடிக்கச் சொல்கிறார்கள். அடுத்த மாதம் மகள் கல்யாணத்துக்கு ஐயர் ஓலை வாசிக்க வேண்டும் (ஆராதனையில் கல்யாண அறிவிப்பு). எப்படி மறுப்பது?
— பெயர் வேண்டாம், நாகர்கோவில்

பதில்: முதலில் மாமியாரின் மாத்திரை. டாக்டர் சொல்லாமல் ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள். அப்புறம் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். இந்த வகைப் பவுடர்களில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று தெளிவாகத் தெரியும்படி அச்சிட்டிருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. கம்பெனியே மருந்து இல்லை என்று அச்சடித்ததை ஐயர் மருந்து என்கிறார். சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. வாயால் அறிவிப்பதும் அதில் விளம்பரம்தான். ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து “இந்தப் பவுடரால் சுகமானேன்” என்று சொல்கிறவர்களும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

போதகர் வியாபாரமே செய்யக் கூடாதா என்றால், நான் அப்படிச் சொல்ல மாட்டேன். பைபிளில் வரும் அப்போஸ்தலர் பவுல் கூடாரத் தொழில் செய்துதான் கொரிந்துவில் இருந்தார். சம்பளமே இல்லாத சிறு சபைகளில் பாஸ்டர் ஆட்டோ ஓட்டுகிறார், டியூஷன் எடுக்கிறார். அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? சபைக் கோயிலுக்குள் விற்பனையும் நமக்குப் புதிதல்ல. அறுப்பின் பண்டிகையில் ஒரு தேங்காய் 500 ரூபாய்க்கு ஏலம் போகும், எல்லோரும் சிரித்துக்கொண்டே கேட்போம். அங்கே ஏலம் கேட்காமல் சும்மா உட்கார்ந்திருந்தால் யாரும் முகம் சுளிப்பதில்லை, பணம் சபைக் கணக்கில் ஏறுவதும் ஊருக்கே தெரியும். உங்கள் வீட்டு டப்பாவில் இந்த இரண்டுமே இல்லை. உங்கள் மகளுக்கு ஓலை வாசிக்க வேண்டியவர், நாளை உங்கள் வீட்டு அடக்க ஆராதனைக்கும் வரவேண்டியவர், எதிரே உட்கார்ந்து “எத்தனை டப்பா?” என்கிறார். வேண்டாம் என்ற சொல் எப்படி வாயில் வரும்? நீங்கள் வாங்கினால் அவருக்கு எவ்வளவு கிடைக்கும், நீங்கள் சேர்ந்தால் எவ்வளவு என்பதையும் அவர் சொல்லியிருக்க மாட்டார். ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

மறுக்கும்போது “ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன் ஐயா” என்று மட்டும் சொல்லாதீர்கள். அடுத்த வாரம் பதில் கேட்க வருவார், கையில் டப்பாவோடு. “டாக்டர் வேண்டாம்னுட்டாங்க ஐயா. சேர்றதும் இல்லைன்னு வீட்ல முடிவு பண்ணிட்டோம். ஜெபிக்க எப்பவும் வாங்க” என்றால் போதும். உங்கள் கணவரும் பக்கத்தில் இருக்கட்டும். ஆராதனை முடிந்து வாசலில் நாலு பேர் முன்னால் வேண்டாம்.

சட்டம் உங்கள் பக்கம்தான். 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகளின்படி, விற்பவர் அடையாள அட்டை இல்லாமலும் முன் அனுமதி பெறாமலும் வீட்டுக்கு வந்து விற்கக் கூடாது. ஜெபிக்க வரச் சொன்னது அந்த அனுமதி ஆகாது என்பது என் கருத்து. விற்கும் நிலையில் உள்ள பொருளைத் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் பெறும் உரிமையையும் அவரே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். பொருள் விற்றதற்குக் கமிஷன் வரலாம். ஆள் சேர்த்ததற்கே காசு என்றால் அது பிரமிட், தடை செய்யப்பட்டது.

பிரிக்காத டப்பாவை எடுத்துக்கொள்ளும்படி ஐயருக்கு இன்றே வாட்ஸ்அப்பில் எழுதுங்கள், விலையையும் குறிப்பிட்டு. அவர் பதில் போட்டால் அதுவே பில்லுக்குப் பதிலான சாட்சி. நடக்கவில்லையா, கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள்; 48 வேலை மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், பொதுவாக ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அதற்கும் மேல் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். சகோதரன் மேல் வழக்குப் போடலாமா என்று மனம் உறுத்த வேண்டாம், நீங்கள் கேள்வி கேட்பது கம்பெனியை. ஐயரைப் பொறுத்தவரை பைபிளில் மத்தேயு 18 காட்டும் வழியே நல்ல வழி: முதலில் தனியாக, பிறகு இரண்டொருவரோடு, அதன்பின் சபை. உங்களுக்கு அது சேகரக் கமிட்டி, அதாவது சபையின் நிர்வாகக் குழு. ஓலை வாசிப்பது அவர் தயவு அல்ல, அவர் வேலை. அதில் இழுத்தடித்தால் கமிட்டிச் செயலாளரிடம் அன்றே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: நான் ஊறுகாயும் நைட்டியும் விற்கிறேன். வாங்குவோர் பெரும்பாலும் சபைப் பெண்கள். தப்பா?
— ஒரு சகோதரி, தூத்துக்குடி

பதில்: தப்பில்லை. ஊறுகாய்க்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் வாங்குங்கள். விளம்பரத்தை உங்கள் ஸ்டேட்டஸில் வையுங்கள், ஜெபக்குழு வாட்ஸ்அப்பில் வேண்டாம். அங்கே ஒருவர் ஆபரேஷனுக்கு ஜெபிக்கக் கேட்டிருப்பார், அதற்கு அடியில் உங்கள் நைட்டி படம் வரும். கடன் பாக்கியையும் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் கேட்காதீர்கள், போனில் கேளுங்கள்.