துபாய் வாடகைக் காரில் உரசல்: போலீஸ் ரிப்போர்ட் எங்கே?

கேள்வி: குடும்பத்தோடு துபாய் போனபோது விமான நிலைய கவுன்டரிலேயே ஆறு நாளுக்குக் கார் எடுத்தேன். ‘முழு இன்ஷூரன்ஸ்’ என்று சொல்லி தினமும் கூடுதல் பணம் வாங்கினார்கள். மால் பேஸ்மென்டில் ரிவர்ஸ் எடுக்கும்போது பின் பம்பர் தூணில் உரசிவிட்டது. வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது மனைவி, பிள்ளைகள் முன்னால் கேவலமாகப் பேசினார்கள். ஊர் வந்த பிறகு கிரெடிட் கார்டில் 4,200 திர்ஹாம் எடுத்துவிட்டார்கள். வங்கியில் புகார் கொடுத்ததும் அந்தப் பணம் தற்காலிகமாகத் திரும்பி வந்திருக்கிறது. இப்போது சட்ட நடவடிக்கை எடுப்போம் என்று மெயில் மேல் மெயில். மன உளைச்சலுக்கு இழப்பீடு கேட்டு கோவை நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாமா? வேலை விஷயமாக ஜனவரியில் மறுபடி துபாய் போக வேண்டும்.

பதில்: பிள்ளைகள் முன்னால் அப்படிப் பேசினால் வலிக்கும்தான். ஆனால் அதை வைத்து வழக்கு நிற்காது. நீங்கள் அனுப்பிய காகிதங்களில் நான் தேடியது ஒரே ஒரு தாளை: உரசிய இடத்துக்குப் போலீஸை அழைத்து வாங்கிய ரிப்போர்ட். அது இல்லை.

துபாயில் போலீஸ் ரிப்போர்ட் இல்லாமல் எந்தப் பட்டறையும் அடிபட்ட வண்டியில் கை வைக்கக் கூடாது. சின்ன நசுங்கலுக்கும் இதுதான் விதி. இன்ஷூரன்ஸ் கம்பெனியும் அதைப் பார்த்துத்தான் பணம் தரும். நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்திலும் ‘ரிப்போர்ட் இல்லாத சேதம் முழுவதற்கும் வாடகைக்கு எடுத்தவரே பொறுப்பு’ என்று நேராகவே எழுதியிருக்கிறது. கவுன்டரில் வாயால் சொன்ன ‘முழு இன்ஷூரன்ஸ்’ இந்த வரிக்கு முன் எடுபடாது. தப்பு உங்கள் பேரில் இருந்தாலும், அன்றைக்கே போலீஸைக் கூப்பிட்டிருந்தால் கட்டிய கூடுதல் பிரீமியம் உங்களைக் காப்பாற்றியிருக்கும்.

நுகர்வோர் ஆணையம்? 2019 சட்டப்படி குடியிருக்கும் ஊரிலேயே மனு போடலாம். ஆனால் இந்தியாவில் அலுவலகமோ சொத்தோ இல்லாத கம்பெனி மீது உத்தரவு வாங்கி, அதை எங்கே கொண்டுபோய் நிறைவேற்றப் போகிறீர்கள்? அந்த யோசனையை விடுங்கள்.

எனக்குக் கவலை வங்கிப் புகாரைப் பற்றித்தான். பணம் கார்டுக்குத் திரும்பி வந்ததும் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து, மெயில்களைத் திறக்காமல் விடுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். கார்டில் பணம் திரும்பினால் கடன் தீர்ந்ததாக அர்த்தமில்லை. கம்பெனி அங்கே வழக்குப் போடலாம். சம்மன் மெயிலிலும் வரலாம், எஸ்.எம்.எஸ்.ஸிலும் வரலாம். நீங்கள் போகாவிட்டால் ஒருதலையாகத் தீர்ப்பு. 2020 ஜனவரியில் நம் மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. அதற்குப் பிறகு, துபாய் நீதிமன்றம் தரும் பணத் தீர்ப்பை சிவில் நடைமுறைச் சட்டம் 44ஏ பிரிவின் கீழ் நம் மாவட்ட நீதிமன்றத்தில் நேரடியாக இ.பி. (தீர்ப்பை நிறைவேற்றக் கேட்கும் மனு) போட்டு நிறைவேற்றலாம். புதிதாக வழக்குத் தொடர வேண்டியதே இல்லை.

வக்கீலான என்னிடம் வந்த கட்சிக்காரர் ஒருவர் இப்படித்தான் மாட்டினார். வரம்பைவிட 60 கிலோமீட்டருக்கு மேல் வேகமாக ஓட்டியதற்கு 2,000 திர்ஹாம் அபராதம், வண்டி 30 நாள் முடக்கம். அந்த 30 நாள் வாடகையையும் கம்பெனி அவர் கணக்கில் எழுதியது. வங்கியில் புகார் கொடுத்துப் பணத்தைத் திரும்ப வாங்கினார், வந்த மெயில்களை எல்லாம் அழித்தார். கடைசியில் இ.பி. நோட்டீஸோடு என் அலுவலகத்துக்கு வந்தார். கோர்ட் செலவெல்லாம் சேர்ந்து தொகை எங்கேயோ போயிருந்தது. அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவின் கீழ், வழக்கின் நியாயத்தை ஆராய்ந்து தந்த தீர்ப்பல்ல என்று வாதாடலாம்தான். ஆனால் ஆவணங்களைப் பரிசீலித்து எழுதிய தீர்ப்பாக இருந்தால் அந்த வாதம் சிரமம். அவர் கட்டிவிட்டுப் போனார்.

உங்களுடைய 4,200 திர்ஹாமுக்காகக் கோவை வரை வருவார்களா? வராமலும் போகலாம். ஆனால் ஜனவரியில் நீங்களே அங்கே போகிறீர்கள். முடிக்காத பாக்கியோடு போகாதீர்கள்.

சமாதானமாகப் போங்கள். ஒரு பம்பருக்கு 4,200 அதிகமாகத்தான் தெரிகிறது. பட்டறை பில்லைக் கேளுங்கள். வண்டி எத்தனை நாள் நின்றது, அதற்கு என்ன கணக்கு என்றும் கேளுங்கள். காட்டத் தயங்கினால், துபாய் அரசின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பில் ஆன்லைனிலேயே புகார் கொடுப்பேன் என்று சொல்லுங்கள், தொகை குறையும். அப்புறம், ஒரு விஷயத்தில் கவனம். குறைத்துப் பேசிய தொகையைத் தனியாக அனுப்பிவிட்டு வங்கிப் புகாரையும் வாபஸ் வாங்கினால், அந்த 4,200 மறுபடி அவர்கள் கைக்கே போய்விடும், நீங்கள் இரண்டு முறை கட்டியதாகும். வங்கி திருப்பித் தந்த தொகையை எதிர்க்க மாட்டோம், இந்த ஒப்பந்தத்தில் இனி பாக்கி எதுவும் இல்லை என்று முத்திரையோடு கடிதம் வரட்டும். அதன் பிறகு பணம் அனுப்புங்கள்.