போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் உப்பு போய்விடுமா?

கேட்டவருக்குத் திருத்துறைப்பூண்டி பக்கம் வீடு. போர் தண்ணீர் கரிக்கிறது, கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறது, அப்படியென்றால் உப்பு பிரிந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு குடிக்கலாமா என்கிறார். அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். கிருமி சாகும், அதில் சந்தேகமே இல்லை. தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் விட்டாலே போதும். ஆனால் அடியில் படிகிற வெள்ளை வேறு, நாக்கில் கரிக்கிற உப்பு வேறு.

முதலில் அந்த வெள்ளை. மழைத்தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்கே இருக்கும் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு சுண்ணாம்பைக் கரைத்துவிடுகிறது, கால்சியம் பைகார்பனேட்டாக அது தண்ணீரோடு கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கும். சூடு ஏறினால் வாயு வெளியேறிவிடும், அது போனபின் சுண்ணாம்பு கரைந்திருக்க முடியாமல் கால்சியம் கார்பனேட்டாகத் திரும்பி அடியிலும் பக்கங்களிலும் ஒட்டிக்கொள்கிறது. ஆறும்போது மேலே மெல்லிய ஏடு மிதக்குமே, விரல் பட்டால் செதில் செதிலாக உடையுமே, அதுவும் இதேதான். பாத்திரத்தைக் காயவிட்டு அந்த வெள்ளையின் மேல் எலுமிச்சைச் சாறு பிழிந்து பாருங்கள், பொடிப்பொடியாக நுரைத்துக் கரையும். சோற்றுப்பு அப்படி நுரைக்காது.

ஆக கொதிக்க வைப்பதில் ஒரு லாபம் இருக்கிறது, இந்தச் சுண்ணாம்புக் கடினம் குறையும். கால்சியம் அதிகமான தண்ணீரில் துவரம்பருப்பு எவ்வளவு நேரமானாலும் வேகாமல் நிற்கும். கொதிக்க வைத்து, ஆறவைத்து, தெளிந்ததை மட்டும் இறுத்து அதில் போட்டால் வித்தியாசம் தெரியும். ஆனால் கால்சியமும் மக்னீசியமும் சல்பேட்டாகவோ குளோரைடாகவோ கரைந்திருந்தால் எவ்வளவு கொதித்தாலும் அசையாது.

சரி, கரிக்கிற உப்புக்கு வருவோம். ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான், சோடியம் குளோரைடு அப்படியே பாத்திரத்தில் இருக்கும். லிட்டருக்கு 1500 மில்லிகிராம் உப்பு உள்ள தண்ணீரைப் பத்து லிட்டர் வைத்து எட்டு லிட்டராகச் சுண்டவிட்டால் அது 1875 ஆகிவிடும். நிறைய நேரம் கொதித்தால் நல்லது என்று நினைத்து அடுப்பில் விட்டுவிடுகிறார்கள், உப்புத் தண்ணீரில் அது தலைகீழ் வேலை. வேதாரண்யம் உப்பளத்துக்குப் போனால் இது கண்ணெதிரே நடக்கும்: வெயிலில் கடல்நீர் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்பு படிகிறது, அடுத்து ஜிப்சம், பத்தில் ஒரு பங்காகச் சுண்டிய பிறகுதான் உப்பு பூக்கத் தொடங்குகிறது. கடல்நீரே அவ்வளவு சுண்டினால்தான் உப்பை விடும் என்றால் உங்கள் வீட்டுப் பானையில் அது எப்படிப் படியும்?

இதைவிட எனக்குக் கவலை நைட்ரேட் பற்றித்தான். நெல்வயலுக்குப் போடும் யூரியாவிலிருந்தும் கழிவறைக் குழிகளிலிருந்தும் அது ஆழமில்லாத ஊற்றுக்கு இறங்கிவிடும், நிறமில்லை, மணமில்லை, கொதித்தாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட ஃப்ளோரைடு மாதிரியே இதன் அளவும் கூடத்தான் செய்யும். இந்தியத் தரநிலையில் நைட்ரேட்டுக்கு லிட்டருக்கு 45 மில்லிகிராம்தான் எல்லை, அதற்கு மேல் தளர்வு கிடையாது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குப் பால்பவுடர் கரைக்க, கொதிக்க வைத்துவிட்டோம் என்ற தைரியத்தில் சோதிக்காத போர் தண்ணீரை எடுக்கவே எடுக்காதீர்கள். நைட்ரேட் மிகுந்தால் குழந்தையின் ரத்தத்தால் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாய்ந்துவிடும்.

அப்புறம் காய்ச்சிய தண்ணீர் சப்பென்று இருக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். கொதிக்கும் முன்பே பாத்திரத்தின் ஓரத்தில் முத்து முத்தாக ஒட்டுகிற குமிழ் நீராவி இல்லை, கரைந்திருந்த காற்று. அது போனால் ருசி மாறும். ஆறிய பின் சுத்தமான இரண்டு பாத்திரத்துக்கிடையே உயரத் தூக்கி ஆற்றினால் காற்று திரும்பக் கலந்துகொள்ளும். குழாய்த் தண்ணீரில் வரும் குளோரின் வாடையும் கொதிக்கும்போதே பெரும்பாலும் போய்விடும், அதற்குத் தனியாக எதுவும் செய்ய வேண்டாம்.

உங்கள் ஊருக்குக் கொள்ளிடம் தண்ணீர் குழாயில் வருகிறதென்றால் குடிக்கவும் சமைக்கவும் அதைக் காய்ச்சி வைத்துக்கொள்ளுங்கள், போரைக் குளிக்கவும் துவைக்கவும் விடுங்கள். வராதென்றால் மழைநீரைப் பிடித்து வையுங்கள், இல்லாவிட்டால் ஆர்.ஓ. (சவ்வு வழியாக வடிகட்டும் கருவி) போட வேண்டியிருக்கும், கரைந்த உப்பைக் குறைக்க வீட்டளவில் வேறு சுலபமான வழி இல்லை. அதற்கு முன் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். கையடக்க டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், அதில் சுண்ணாம்பு எவ்வளவு நைட்ரேட் எவ்வளவு என்று சொல்லாது. மாதிரியைச் சித்திரை வைகாசியில் ஒரு முறை, வாய்க்காலில் தண்ணீர் ஓடும் காலத்தில் ஒரு முறை என்று எடுங்கள், ஏனென்றால் மேல்மட்ட ஊற்று பருவத்துக்குப் பருவம் மாறும், ஒரு முறை நல்லதாக வந்த அறிக்கையை வருஷம் முழுக்க நம்ப முடியாது.