தலைமாட்டில் ஒருவர், கால்மாட்டில் ஒருவர்

வாசகர் கேள்வி – பதில்

புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் பிறந்தது கோலார் தங்கவயலில். வீட்டில் மூன்று தலைமுறையாகப் பவுத்தம். சென்னையில் தமிழாசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது பெரம்பூரில் இருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று இம்முறை சிலர் கேட்டிருந்ததால் எல்லோருக்குமே ஊர்ப் பெயர் மட்டும்.

மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் டீமில் பதினொரு பேர். போன மாதம் நான்கு பேரை ஒரே வாரத்தில் அனுப்பிவிட்டார்கள். மிச்சமிருக்கும் எங்களுக்கு மன அழுத்தம் குறையட்டும் என்று தியான ஆப் ஒன்றுக்கு ஒரு வருடச் சந்தா கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். கண்ணை மூடினால் போனவர்கள் முகம்தான் வருகிறது. தியானத்துக்கு நான் லாயக்கில்லையா?
– வாசகர், சோழிங்கநல்லூர்

அந்த முகங்கள் வரட்டும், தம்பி. விரட்ட வேண்டாம்.

அம்பு பட்டவன் கதையை அந்த ஆப்பில் கேட்டிருப்பீர்கள். உடம்பில் தைப்பது முதல் அம்பு. அதை நினைத்து நினைத்து நாமே குத்திக்கொள்வது இரண்டாவது. சல்லத்த சூத்திரத்தில் புத்தர் சொன்னது. நல்ல பாடம்தான். ஆனால் முதல் அம்பை எய்தவருக்கு என்ன கடமை என்பதையும் அவர் சொல்லியிருக்கிறார், வேறோர் இடத்தில். ராஜகிருகத்தில் சிகாலன் என்ற இளைஞன் ஈரத்துணியோடு ஆறு திசையையும் கும்பிட்டுக்கொண்டிருக்கிறான். ஒவ்வொரு திசைக்கும் ஓர் உறவைக் காட்டுகிறார் புத்தர். கிழக்கு பெற்றோர், மேற்கு மனைவி மக்கள் என்று போய், காலுக்குக் கீழே உள்ள திசைக்கு வரும்போது உழைப்பவர்கள். அவர்களுக்கு முதலாளி செய்ய வேண்டியவை ஐந்து: சக்திக்கேற்ற வேலை, உணவும் கூலியும், நோயில் கவனிப்பு, அரிதாகக் கிடைக்கும் நல்ல பண்டத்தில் பங்கு, வேளையறிந்து ஓய்வு.

என் தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கியவர். பிற்காலத்தில் மூன்று கிலோமீட்டர் ஆழத்தையும் தாண்டிப் போன சுரங்கம் அது. ஞாயிறு சாயங்காலம் மாரிக்குப்பத்துப் பவுத்தக் கூட்டத்திலிருந்து வந்ததும் எங்களை உட்காரவைத்து இந்த ஐந்தையும் விரல் மடக்கிச் சொல்ல வைப்பார். அவருடைய வலது கையில் மோதிர விரல் பாதிதான் இருக்கும். நான்காவதைச் சொல்லும்போது அந்தப் பாதி விரலை மடக்குவார். பங்கு.

மூச்சைக் கவனியுங்கள், பத்து நிமிஷம் போதும், ஆப் இல்லாமலே வரும். எழுந்ததும் அந்த நான்கு பேரில் ஒருவருக்குப் போன் போடுங்கள். வேறெங்காவது ஆள் எடுக்கிறார்களா என்று விசாரித்துச் சொல்லுங்கள். அடுத்த நாள் அடுத்தவருக்கு.

அம்மாவும் அப்பாவும் 83 கலவரத்தில் கொழும்பிலிருந்து உயிர் தப்பி வந்தவர்கள். இப்போது யாழ்ப்பாணத்துத் தையிட்டியில் சனத்தின் காணியில் விகாரை கட்டிவிட்டார்கள்; அதை எதிர்த்து ஒவ்வொரு போயா (பவுர்ணமி) நாளும் ஆட்கள் ரோட்டில் நிற்கிறார்கள். பர்மாவில் ரோஹிங்கியா மக்கள் ஏழு லட்சத்துக்கு மேல் விரட்டப்பட்டபோதும் அவர்களுக்கு எதிரான வெறுப்பைப் பேசியவர்களில் துறவிகள் இருந்தார்கள். எங்களுக்குப் புத்தர் சிலை என்றாலே ஆமிக் காம்பின் ஞாபகம்தான். ஒரு தமிழ்ப் பெண்ணாக இருந்துகொண்டு நீங்கள் எப்படி அவரைக் கும்பிடுகிறீர்கள்?
– வாசகர், டொரன்டோ

உங்கள் கடிதம் நான்கு நாளாக என் மேசையில் இருக்கிறது.

1984-இல் நான் பாடம் நடத்திய ஆறாம் வகுப்பில் ஒரு பெண் வந்து சேர்ந்தாள். அகதியாக வந்த குடும்பம். வகுப்பறைச் சுவரில் திருவள்ளுவருக்குப் பக்கத்தில் காலண்டரிலிருந்து வெட்டிய புத்தர் படம் ஒன்றை நான் மாட்டியிருந்தேன். அந்தப் பெண் முதல் நாளிலிருந்தே பெஞ்சில் ஒரு பக்கமாகத் திரும்பித்தான் உட்காருவாள். கழுத்து வலியா என்று கேட்டேன். பதிலில்லை. ஒரு வாரம் கழித்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவளாக வந்து, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “அந்தப் படம், டீச்சர், எங்கட வீட்டை எரிக்க வந்த லொறியில ஒட்டியிருந்தது.” மணி அடிப்பதற்குள் படத்தைக் கழற்றினேன். ஆணி மட்டும் சுவரில் நின்றது. அவள் அதையே பார்த்தாள். அதையும் பிடுங்கினேன்.

அதனால் “அது உண்மையான பவுத்தம் இல்லை” என்று ஒரு வரியில் எழுதித் தப்பித்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. தமிழ் அரசன் எல்லாளனின் படையைக் கொன்றுவிட்டுச் சிங்கள அரசன் துட்டகைமுனு தூக்கம் வராமல் தவிக்கிறான். அவனைத் தேற்ற வரும் அரகந்தர்கள், அதாவது ஞானம் பெற்ற துறவிகள், நீ கொன்றது ஒன்றரை மனிதரைத்தான் என்கிறார்கள். திரிசரணம் (புத்தர், தம்மம், சங்கம் மூன்றிலும் சரண்) சொன்னவன் ஒருவன், பஞ்சசீலம் (ஐந்து ஒழுக்கங்கள்) எடுத்தவன் ஒருவன், மற்றவர்கள் மிருகத்துக்குச் சமம் என்பது அந்தக் கணக்கு. இதை எழுதிவைத்திருப்பது இலங்கையின் பழைய பாலி வரலாற்று நூலான மகாவம்சம். எழுதியவர் ஒரு பிக்கு. 1951 செப்டம்பரில் சான்பிரான்சிஸ்கோ மாநாட்டில் இலங்கையின் பிரதிநிதியாகப் பேசிய ஜே.ஆர். ஜெயவர்தனா, வெறுப்பு வெறுப்பால் தணிவதில்லை என்ற தம்மபத வாசகத்தைச் சொல்லி, ஜப்பானிடம் நஷ்டஈடு வேண்டாம் என்றார். உலகமே பாராட்டியது. 1983 ஜூலையில் ஜனாதிபதியாக இருந்தவரும் அவர்தான். வாசகம் தெரியாமல் நடந்ததல்ல அது. நன்றாகத் தெரிந்தவர்கள் ஆட்சியில் நடந்தது.

எனக்கும் இதில் ஒரு கணக்கு உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் பஞ்சசீலம் பெற்றது கொழும்பில், சுமங்கல தேரரிடம். அங்கிருந்து வந்து ராயப்பேட்டையில் சாக்கிய பவுத்த சங்கம் தொடங்கினார். அங்கிருந்து கோலாருக்கு, என் தாத்தாவுக்கு. சாதியின் பெயரால் மிதிபட்ட எங்களை மனிதர் என்று சொன்ன வார்த்தை உங்களை விரட்டிய தீவிலிருந்துதான் வந்தது. இரண்டும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை என்னால் அழிக்க முடியவில்லை.

தையிட்டிக்கு வருகிறேன். கொடுக்கப்படாததை எடுக்காதே என்பது பஞ்சசீலத்தில் இரண்டாவது. துறவிக்கு அது இன்னும் கடுமை: குறிப்பிட்ட மதிப்புக்கு மேல் திருடினால் அந்தக் கணமே துறவு போய்விடும். கட்டடம் கட்டவும் விநயத்தில், அதாவது துறவிகளுக்கான ஒழுக்க நூலில், விதி இருக்கிறது. ஆளவி என்ற ஊரில் பிக்குகள் குடில் கட்டுகிறோம் என்று ஆள் கொடு, மாடு கொடு, மரம் கொடு என்று ஊராரைத் தொந்தரவு செய்ய, பிக்குவைக் கண்டாலே சனங்கள் ஓடி ஒளியும் நிலை வந்தது. அதன் பிறகு புத்தர் அளவு வைத்தார். ஒரு பிக்கு தானே யாசித்துக் கட்டும் குடில் நீளம் பன்னிரண்டு சாண், அகலம் ஏழு சாண். அளவு புத்தருடைய சாண். இடத்தை மற்ற பிக்குகள் வந்து பார்க்க வேண்டும். அங்கே எந்த உயிருக்கும் இடைஞ்சல் இருக்கக் கூடாது. ஓர் எறும்புப் புற்றுக்கே இவ்வளவு யோசனை என்றால், உறுதிப்பத்திரம் வைத்திருக்கும் குடும்பத்தின் காணிக்கு எவ்வளவு யோசித்திருக்க வேண்டும்? போயா நாளில் ரோட்டில் நிற்கும் அந்த மக்கள் கேட்பதும் இந்த இரண்டாவது சீலத்தைத்தான்.

நம் மணிமேகலையிலேயே இந்த வழக்கு வந்துவிட்டது. மணிபல்லவத் தீவில் ஒரு பீடிகை, அதாவது ஆசனம். அது யாருக்கு என்று இரண்டு நாக அரசர்கள் கண் சிவந்து படையோடு மோதுகிறார்கள். புத்தர் வந்து போரை நிறுத்தச் சொல்லி, அந்தப் பீடிகையிலேயே அமர்ந்து அறம் சொல்கிறார். அந்தத் தீவு இன்றைய நயினாதீவு என்பது பலர் கருத்து. மணிமேகலை அங்கே வணங்குவது பாதபீடிகையைத்தான். அமராவதியின் பழைய சிற்பங்களிலும் அப்படித்தான்: வெறும் ஆசனம், பாதச் சுவடு, மரம். சில நூற்றாண்டுகள் வரை அவருக்கு முகம் செதுக்காமலே கும்பிட்டார்கள்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு என் பதிலும் அதுதான். என் வீட்டில் சிலை இல்லை. 1984-க்குப் பிறகு வைக்கவில்லை. விளக்கேற்றி, பஞ்சசீலம் சொல்கிறேன், “பாணாதிபாதா வேரமணி”யிலிருந்து. கொல்லாமை அது. உங்கள் அம்மாவிடம், அவர் விரும்பினால் மட்டும், என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

சிரிக்கும் புத்தர் பொம்மையை வாசலைப் பார்த்து வைத்தால் பணம் வரும் என்கிறார்களே?
– வாசகி, ஈரோடு

அவர் கௌதம புத்தரே இல்லை, அம்மா. புதாய் என்ற சீனத் துறவி. தோளில் ஒரு துணி மூட்டையோடு ஊர் ஊராகச் சுற்றியவர். கிடைத்ததை அதில் போட்டுக்கொண்டு பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுத்தவர் என்று சொல்வார்கள். பொம்மை அழகாக இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள், எந்தப் பக்கம் பார்த்தாலும் சரி.

புத்தரின் எலும்போடு புதைக்கப்பட்ட ரத்தினங்களை 2025-இல் ஏலம் விடப் பார்த்தார்களே, அது பற்றி?
– வாசகர், காஞ்சிபுரம்

பிப்ரவா ரத்தினங்களைச் சொல்கிறீர்கள். 1898-இல் பெப்பே என்ற ஆங்கிலேயர் தன் நிலத்திலிருந்த மேட்டைத் தோண்டியபோது கல்பேழை கிடைத்தது. உள்ளே எலும்புத் துண்டுகள், கலசங்கள், நூற்றுக்கணக்கில் சின்னச் சின்ன மணிகள், பொற்பூக்கள். எலும்பு சயாம் (இன்றைய தாய்லாந்து) அரசருக்குப் போனது, பெரும்பகுதி கல்கத்தா அருங்காட்சியகத்துக்குப் போனது, ஒரு பங்கு அவர் குடும்பத்திடமே தங்கியது. அந்தப் பங்கைத்தான் 2025 மே மாதம் ஹாங்காங்கில் சோதபீஸ் ஏலத்துக்கு வைத்தது. இந்திய அரசு நோட்டீஸ் அனுப்ப ஏலம் நின்றது; ஜூலையில் கோத்ரெஜ் குழுமத்தின் உதவியோடு திரும்பி வந்தன.

திரும்பி வந்ததில் எனக்குச் சந்தோஷம். படத்தில் பார்த்தேன், சில மணிகள் கொத்தமல்லி விதை அளவுதான் இருக்கின்றன. அவ்வளவு சிறியதில் துளை போட்டுக் கோத்த ஒருவர், அது மண்ணுக்குள் போகப் போகிறது என்று தெரிந்தேதான் செய்திருக்கிறார். அவர் கொடுத்தது புத்தருக்கு. இடையில் வந்தவர்கள் எப்படி விற்பது?

புத்தர் இறந்த சில நாட்களிலேயே அவர் எலும்புக்காக அரசர்கள் படை திரட்டினார்கள் என்பதையும் மறக்க முடியவில்லை. துரோணர் என்ற பிராமணர் நடுவில் நின்று எட்டாகப் பங்கிட்டதால் யுத்தம் நின்றது. அளந்து கொடுத்த பானையை மட்டும் தனக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து ஒன்பது மாதமாகப் படுக்கை. எல்லாம் நான்தான். வீட்டுக்காரரும் கொழுந்தனும் “உனக்குப் புண்ணியம்” என்கிறார்கள். போன வாரம் அப்போதுதான் மாற்றிய விரிப்பை மறுபடி அசுத்தம் செய்துவிட்டார். அவர் கையில் அடித்துவிட்டேன். அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. என்னிடம் கருணையே இல்லையா?
– வாசகி, மன்னார்குடி

மகளே, முதலில் சாப்பிடு.

விநயத்தில் ஒரு சம்பவம் இருக்கிறது. வயிற்றுப்போக்கில் ஒரு பிக்கு தன் மலத்திலேயே கிடக்கிறார். புத்தரும் ஆனந்தரும் அந்தப் பக்கமாக வருகிறார்கள். “உன்னைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லையா?” “இல்லை, ஐயனே. நான் அவர்களுக்கு எதுவும் செய்ததில்லை, அதனால் அவர்களும் செய்யவில்லை.” புத்தர் ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறார். புத்தர் ஊற்ற, ஆனந்தர் கழுவுகிறார். பிறகு புத்தர் தலைமாட்டைப் பிடிக்க, ஆனந்தர் கால்மாட்டைப் பிடிக்க, இரண்டு பேருமாகத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். அதன் பிறகு மற்றவர்களைக் கூப்பிட்டு, உங்களுக்கு இங்கே தாயுமில்லை தகப்பனுமில்லை, ஒருவரையொருவர் நீங்கள் பார்க்காவிட்டால் யார் பார்ப்பார்கள், எனக்குச் செய்ய நினைப்பவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்கிறார்.

கடைசி வாக்கியத்தை எல்லோரும் சொல்வார்கள். என் கணவர் பதினான்கு மாதம் படுக்கையில் இருந்தபோது, ஒருநாள் விடியற்காலை மூன்று மணிக்கு அவரைத் திருப்பிப் படுக்கவைக்க முடியாமல் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் எனக்கு அதற்கு முந்தைய வரி உறைத்தது. தலைக்கு ஒருவர், காலுக்கு ஒருவர். புத்தரே தனியாகத் தூக்கவில்லை. அதே விநயம், பார்த்துக்கொள்ளக் கடினமான நோயாளி எப்படி இருப்பார் என்று ஐந்து குணங்களையும் எழுதிவைத்திருக்கிறது. கஷ்டம் என்பதை அவர்கள் மறைக்கவில்லை.

நீ அடித்தது தவறுதான். அத்தை கையைப் பிடித்து அதைச் சொல்லிவிடு. பேச்சு வராவிட்டாலும் கேட்கும். அடுத்ததாக உன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, இந்தப் பக்கத்தைப் படிக்கக் கொடு. புண்ணியத்தை அவரும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளட்டும். பழைய காடா வேட்டி ஒன்றை நான்காக மடித்து, அத்தையின் தோளிலிருந்து தொடை வரை அடியில் வருமாறு போடுங்கள். ஆளுக்கொரு பக்கம் நின்று, வேட்டியின் ஓரத்தை உடம்போடு ஒட்டிச் சுருட்டிப் பிடித்து, ஒன்று இரண்டு மூன்று சொல்லிச் சேர்ந்து தூக்க வேண்டும். இழுக்கக் கூடாது, இழுத்தால் தோல் உரியும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றும்போது குதிகாலையும் இடுப்பெலும்பையும் பார். சிவப்பு மறையாமல் நின்றால் டாக்டருக்கு உடனே சொல். ராத்திரி பத்து மணி முறையும் பன்னிரண்டு மணி முறையும் வீட்டுக்காரருக்கு, இரண்டு மணியும் நான்கு மணியும் கொழுந்தனுக்கு. அவர்களால் தனியாக முடியாது என்பார்கள். முடியாதுதான். ஒருவர் இன்னொருவரை எழுப்பட்டும்.