சட்டத்தரணியிடம் கேளுங்கள்: பேத்தியைப் பார்க்க விடுகிறார்களில்லை

கேள்வி: எனக்கு 67 வயது. முள்ளியவளையில் இருக்கிறேன். மூன்று வருசத்துக்கு முன் மகன் விபத்தில் போய்விட்டான். பேத்திக்கு இப்போது எட்டு வயது. ஐந்து வயது வரை என் பாயில்தான் படுத்தாள். மருமகள் வவுனியாவில் தாய் வீட்டுக்குப் போய், போன தையில் மறுமணம் செய்துகொண்டாள். அதன் பிறகு பிள்ளையைக் காட்டவில்லை. கடைசியாகப் போனபோது படலையோடு திருப்பிவிட்டார்கள். கொண்டுபோன பயற்றம் பணியாரமும் என்னோடு திரும்பி வந்தது. மகனுக்கென்று வைத்த இரண்டு ஏக்கர் வயல் இன்னும் என் பெயரில் இருக்கிறது. பிள்ளையைக் காட்டினால் எழுதிக் கொடுப்பேன். அப்பம்மாவுக்கு உரிமை இல்லையா? பள்ளிக்கூடம் விடும் நேரம் போய்க் கூட்டி வந்தால் என்ன?

பதில்: கூட்டி வராதீர்கள், அம்மா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். தாயின் சம்மதமில்லாமல் பிள்ளையைக் கொண்டுபோனால் அது ஆட்கடத்தல் முறைப்பாடாகும். பிறகு எந்த நீதிமன்றத்திலும் நீங்கள் தலைநிமிர்ந்து நிற்க முடியாது.

உரிமை என்று கேட்டால், இலங்கையில் பேரப்பிள்ளையைப் பார்க்கும் உரிமையைப் பாட்டன் பாட்டிக்கு நேராகக் கொடுக்கும் தனிச் சட்டம் இல்லை. எல்லாவற்றுக்கும் வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை இருக்கிறதே என்பார்கள் ஊரில். அது காணி, சீதனத்தில் பேசும். பிள்ளை யாரோடு இருப்பது, யார் வந்து பார்ப்பது என்பதற்கு ஒல்லாந்தர் விட்டுப்போன பொதுச் சட்டமான உரோமன் டச்சுச் சட்டம்தான். தகப்பன் இல்லாதபோது தாயே இயற்கைப் பாதுகாவலர். ஆனால் அவருக்கும் மேலே ஒரு பாதுகாவலர் உண்டு, அது மாவட்ட நீதிமன்றம். பிள்ளையின் நலனுக்குத் தேவை என்று கண்டால், இன்ன நாள், இன்ன நேரம் பார்க்கலாம் என்று அது கட்டளையிடலாம். பிள்ளை வவுனியாவில் இருப்பதால் மனுவும் அங்கேதான்.

பல வருசத்துக்கு முன் உங்களைப் போன்ற ஓர் ஆச்சிக்காக நின்றேன். மனுவில் பக்கத்துக்குப் பக்கம் "உரிமை" என்று எழுதியிருந்தேன். நீதிபதி அதைப் புரட்டவேயில்லை. ஆச்சியைப் பார்த்து, "பிள்ளை இரவில் எதற்குப் பயப்படும்?" என்று கேட்டார். "இடிக்கு. என் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டுதான் நித்திரை கொள்ளும்" என்றார் ஆச்சி. மாதம் ஒரு ஞாயிறு கிடைத்தது. என் வாதத்தால் கிடைத்தது என்று அன்றைக்கு நினைத்தேன், சின்ன வயசு.

ஆகவே மனுவோடு சத்தியம் செய்து கொடுக்கும் உங்கள் சத்தியக்கடதாசியில் அந்தப் பாய் வரவேண்டும். முன்பள்ளிக்கு யார் கூட்டிப் போனது, காய்ச்சலுக்கு ஆஸ்பத்திரியில் யார் நின்றது, படங்கள், கிளினிக் கொப்பி, எல்லாம் வரட்டும். மருமகளின் மறுமணத்தைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். அவள் வாழட்டும்.

வயலையும் இதற்குள் இழுக்காதீர்கள். நீங்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறீர்கள், ஆனால் பிள்ளைக்கு விலை பேசுவதாகத்தான் எதிர்த்தரப்பு சொல்லும். எழுதுவதென்றால் பேத்தியின் பெயருக்கு, வேறொரு நாளில் எழுதலாம்.

வழக்குக்கு முன் மத்தியஸ்த சபைக்கு ஒரு கடிதம் கொடுத்துப் பாருங்கள். சபை தீர்ப்புச் சொல்லாது, இருபக்கத்தையும் இருத்திப் பேசவைக்கும். விதானையாரைக் கூட்டிக்கொண்டு மறுபடி படலைக்குப் போவதைவிட அது மரியாதை. கேட்பதையும் கொஞ்சமாகக் கேளுங்கள்: மாதம் ஒரு தரம் இரண்டு மணித்தியாலம், அவர்கள் வீட்டிலேயே என்றாலும் சரி. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு ஒரு நாள். பள்ளி விடுமுறை முழுவதும் என்று தொடங்கினால் பேச்சு அன்றே முறியும். சரிவராவிட்டால், வருமானம் குறைந்தவர்களுக்கு வழக்காட சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வவுனியா அலுவலகத்தில் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். புதுக் கணவர் பிள்ளையைச் சட்டப்படி தத்தெடுக்க விண்ணப்பித்ததாகக் கேள்விப்பட்டால் அன்றைக்கே ஒரு சட்டத்தரணியிடம் போங்கள். தத்தெடுப்புக் கட்டளை வந்த பிறகு உங்கள் நிலை மிகவும் பலவீனம்.

கேள்வி: மகன் பாரிஸில். மனைவியோடு பிரிவு. பேரனோடு வீடியோவில்கூடக் கதைக்க விடுகிறாள் இல்லை. கிளிநொச்சியில் வழக்குப் போடலாமா?

பதில்: பிள்ளை அங்கே வசித்தால் வழக்கும் அங்கேதான். உங்களுக்கு அந்த நாட்டுச் சட்டம் நல்லது. பிரெஞ்சுக் குடியியல் சட்டக்கோவையின் 371-4ஆம் பிரிவு பாட்டன் பாட்டியோடு உறவு வைத்திருப்பதைப் பிள்ளையின் உரிமையாகவே சொல்கிறது; பிள்ளையின் நலன் மட்டுமே அதற்குத் தடையாகலாம். ஆனால் அதற்கு முன் மகனிடம் ஒன்றைக் கேளுங்கள்: பேரன் அவனோடு நிற்கும் நாளில் அவனே ஏன் வீடியோ எடுக்கவில்லை?