பார்டர்லைன் உள்ள என் மனைவி ஏன் இப்படிச் சட்டென்று எதையாவது செய்துவிடுகிறாள்?

சண்டை வந்தால் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கண்மண் தெரியாமல் போய்விடுகிறாள், இது திமிரா வியாதியா என்று கேட்டிருக்கிறீர்கள். என் தங்கைக்கும் இதே பார்டர்லைன், அதாவது எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறுதான். திருவாரூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம் எங்களுடையது. கூடவே இருந்து பார்த்தவன் சொல்கிறேன், திமிர் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள்.

இவர்களுக்கு உணர்ச்சி மளமளவென்று ஏறும். இறங்கத்தான் ரொம்ப நேரமாகும். அதிலும் நம்மை விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்கிற பயம் ஆளையே உலுக்கிவிடும். அதைத் தாங்க முடியாதபோது, எது கைக்குக் கிடைக்கிறதோ அதில் இறங்கிவிடுவார்கள்: கண்டபடி செலவு, வேகமாக வண்டி ஓட்டுவது, குடி, வயிறு முட்டச் சாப்பிடுவது. செய்ததும் கொஞ்ச நேரம் நிம்மதி. அந்த நிம்மதிதான் அதைப் பழக்கமாக்கிவிடுகிறது. அப்புறம் வரும் அவமானம் அடுத்த கொந்தளிப்புக்கு வழி திறந்துவிடும்.

ஒரு தடவை சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்ட பணம் தங்கை கணக்கில் ஏறியிருந்தது. அன்று சாயங்காலம் மாப்பிள்ளை போனை எடுக்கவில்லை. படுப்பதற்குள் புடவை புடவையாக ஆர்டர் போட்டுவிட்டாள். உரக்கடை பாக்கிக்கென்று வைத்திருந்த பணம். பார்சல்கள் வந்தபோது ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. ஆசைப்பட்டு வாங்கியவள் பிரித்துப் பார்த்திருக்க மாட்டாளா? “வாங்கும்போது நெஞ்சு அடங்குச்சுண்ணே, அவ்வளவுதான்” என்றாள்.

அதனால் உச்சத்தில் இருக்கும்போது நியாயம் பேசாதீர்கள், காதில் ஏறாது. “உனக்கு எவ்வளவு கஷ்டமா இருக்குன்னு தெரியுது, நான் எங்கயும் போகல” என்பது போதும். அவர் செய்ததைச் சரி என்று நீங்கள் ஒப்புக்கொண்டதாக ஆகாது. வண்டிச் சாவி யாரிடம், பணம் எந்தக் கணக்கில் என்பதையெல்லாம் மனசு அமைதியாக இருக்கும் நாளில் அவரையும் வைத்துப் பேசி முடிவெடுங்கள்.

சிகிச்சையில் முக்கியமானது டிபிடி என்கிற பேச்சு வழிப் பயிற்சி. அதை உருவாக்கிய அமெரிக்க உளவியலாளர் மார்ஷா லினஹான், இளவயதில் தானே இப்படித் தவித்ததை 2011இல் வெளிப்படையாகச் சொன்னவர். அதில் ஒரு உத்தி: மூச்சைப் பிடித்துக்கொண்டு குளிர்ந்த தண்ணீரில் முகத்தை அரை நிமிடம் அமிழ்த்துவது. இதயத் துடிப்பு குறைந்து கொந்தளிப்பு தணியும். தங்கை அதற்கென்றே ஒரு பேசினை எடுத்து வைத்திருக்கிறாள். இதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்யக்கூடாது. இந்தக் கோளாறுக்கென்றே தனி மாத்திரை கிடையாது. கூட இருக்கும் மனச்சோர்வு போன்றவற்றுக்குத்தான் கொடுப்பார்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கிருந்து ஆரம்பிக்கலாம். இப்படிச் சட்டென்று செய்துவிடும் பழக்கம் காலப்போக்கில் பலருக்கும் நன்றாகவே குறைகிறது.

இன்னொன்று, விவசாய வீடுகளுக்கென்றே சொல்கிறேன். வயலுக்கு வாங்கும் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காதீர்கள். செத்துப்போகிறேன் என்று சொன்னால் மிரட்டல் என்று ஒதுக்காமல் கூடவே இருங்கள். 14416க்கு, அதாவது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸுக்கு, எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.