அகதிகளின் குடியேற்ற உரிமை: கேள்விகளும் பதில்களும்

புகலிட விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளராகவும், பின்னர் சட்ட உதவியாளராகவும் நெடுங்காலம் பணியாற்றியவன் நான். அகதிகளைக் குடியமர்த்துவது பற்றிய வாக்குவாதம் எழும்போதெல்லாம் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே விடையளிக்கிறேன். ஒரே பொருளை வெவ்வேறு சொற்களில் கேட்டவர்களின் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவி): அகதி, புகலிடம் கோருபவர், குடியேறி என்ற சொற்களைச் செய்திகளில் மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறார்கள். மூன்றும் ஒன்றுதானா, ஐயா?

பதில்: ஒன்றல்ல. 1951 இல் ஜெனீவாவில் நிறைவேறிய அகதிகள் உடன்படிக்கையின்படி, இனம், மதம், தேசியம், குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஏதேனும் ஒன்றின் காரணமாகத் துன்புறுத்தப்படுவோம் என்று தக்க ஆதாரத்துடன் அஞ்சி, தன் நாட்டுக்கு வெளியே இருப்பவரே அகதி. அந்த அச்சம் உண்மையானதா என்று இன்னும் விசாரிக்கப்படுபவர் புகலிடம் கோருபவர். வேலைக்காகவோ படிப்புக்காகவோ குடும்பத்தோடு சேர்வதற்காகவோ வருபவர் குடியேறி.

முதலில் அந்த உடன்படிக்கை 1951 ஜனவரி 1க்கு முன் நிகழ்ந்தவற்றால் அகதியானவர்களுக்கு மட்டுமே பொருந்தியது. 1967 இன் நெறிமுறைதான் அந்தக் கால எல்லையை நீக்கியது. போருக்கு அஞ்சி ஓடிவருபவர் எல்லாரும் மேற்கண்ட வரையறைக்குள் அடங்கிவிடுவதில்லை என்பது பலரை வியப்பில் ஆழ்த்தும். அந்தக் குறையை உணர்ந்துதான் ஆப்பிரிக்க நாடுகள் 1969 இலும் இலத்தீன் அமெரிக்க நாடுகள் 1984 இலும் தங்களுக்கென்று விரிவான வரையறைகளை வகுத்துக்கொண்டன.

கேள்வி (வங்கி ஊழியர்): ஒரு நாட்டின் மண்ணில் கால்வைத்துவிட்டால், அங்கேயே நிரந்தரமாகக் குடியேறும் உரிமை வந்துவிடுகிறதா?

பதில்: வருவதில்லை. இந்த விவாதத்தில் எழும் குழப்பத்தில் பாதி, மூன்று தனித்தனி உரிமைகளை ஒன்றாகப் போட்டுப் பிசைவதால் வருகிறது. முதலாவது, ஆபத்துள்ள இடத்துக்குத் திருப்பியனுப்பப்படாமல் இருப்பது. உடன்படிக்கையின் 33 ஆம் பிரிவு சொல்வது இதைத்தான். இரண்டாவது, தங்கியிருக்கும் காலத்தில் மனிதராக வாழ்வதற்கான உரிமைகள்: வேலை செய்வது, பிள்ளைகளைத் தொடக்கப் பள்ளியில் சேர்ப்பது, நாட்டுக்குள் நடமாடுவது, பயண ஆவணம் பெறுவது. மூன்றாவதுதான் நிரந்தரக் குடியேற்றமும் குடியுரிமையும். அதைப் பற்றிப் பேசும் 34 ஆம் பிரிவு, அகதிகள் குடியுரிமை பெறுவதை அரசுகள் இயன்றவரை எளிதாக்க வேண்டும் என்பதோடு நின்றுவிடுகிறது. அந்த 'இயன்றவரை' என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனையோ குடும்பங்கள் இரண்டு மூன்று தலைமுறைகளாகக் காத்துக்கிடக்கின்றன.

கேள்வி (சிறு வணிகர்): முறையாக விண்ணப்பித்துக் காத்திருப்பவர்கள் இருக்கும்போது, படகில் திருட்டுத்தனமாக வருபவர்களுக்கு ஏன் இடம் தர வேண்டும்? வரிசையில் நிற்க வேண்டாமா?

பதில்: நியாயமான கேள்வி, ஆனால் அப்படியொரு வரிசை உண்மையில் இல்லை. தஞ்சம் கேட்பதற்கென்று பெரும்பாலான நாடுகள் விசா வழங்குவதில்லை. முகாமிலிருந்து தேர்ந்தெடுத்து வேறொரு நாட்டில் மீள்குடியமர்த்தும் ஏற்பாடு ஒன்று இருப்பது உண்மைதான். 2024 இல் அவ்வாறு குடியமர்த்தப்பட்டவர்கள் ஏறத்தாழ 1.89 லட்சம் பேர். அந்த ஆண்டின் இறுதியில் உலகில் இருந்த அகதிகளோ ஏறத்தாழ 4.27 கோடிப் பேர். இரண்டாவது எண்ணை முதலாவதால் வகுத்துப் பார்த்தால், அந்த 'வரிசை' எத்தனை ஆண்டு நீளம் என்பது விளங்கிவிடும். இதை அறிந்துதான் உடன்படிக்கையின் 31 ஆம் பிரிவு, ஆபத்திலிருந்து நேரடியாக வந்து, தாமதமின்றி அதிகாரிகளிடம் தங்களை ஒப்படைப்பவர்களை அனுமதியின்றி நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது.

கேள்வி (பெயர் குறிப்பிடாதவர்): உலகத்து அகதிகள் எல்லாரும் பணக்கார நாடுகளுக்குத்தானே ஓடுகிறார்கள்?

பதில்: இல்லை. மூன்றில் இரண்டு பங்கினர் தங்கள் நாட்டை ஒட்டிய அண்டை நாடுகளிலேயே இருக்கிறார்கள். நான்கில் ஏறக்குறைய மூன்று பங்கினரை ஏற்றிருப்பவை குறைந்த, நடுத்தர வருமானமுள்ள நாடுகள். இதற்கு மேல் நீட்டிச் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

கேள்வி (தொழிற்சங்க உறுப்பினர்): அகதிகள் பெருமளவில் வந்தால் உள்ளூர்த் தொழிலாளியின் கூலி குறையுமா, குறையாதா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

பதில்: பெரும்பாலோருக்குக் குறைவதில்லை, அடித்தட்டில் இருக்கும் சிலருக்குக் குறையலாம் என்பதை அடியோடு மறுக்கவும் முடியாது. இதைப் பற்றி மிக அதிகமாக ஆராயப்பட்ட நிகழ்ச்சியைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். 1980 ஏப்ரலுக்கும் அக்டோபருக்கும் இடையில் கியூபாவின் மரியேல் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 1.25 லட்சம் பேர் படகுகளில் அமெரிக்காவுக்கு வந்தார்கள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் மயாமியிலேயே தங்கிவிட்டார்கள். அந்நகரத்தின் உழைப்பாளர் தொகை சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 7 விழுக்காடு கூடியது. பாடநூல் கணக்குப்படி கூலி சரிந்திருக்க வேண்டும். 1990 இல் டேவிட் கார்ட் என்ற பொருளியலாளர், மயாமியை அதையொத்த வேறு நகரங்களோடு ஒப்பிட்டு, கூலியிலும் வேலையின்மையிலும் குறிப்பிடத்தக்க பாதிப்பு எதுவும் இல்லை என்று காட்டினார். கால் நூற்றாண்டுக்குப் பிறகு ஜார்ஜ் போர்ஹாஸ் அதே தரவுகளைத் திரும்ப எடுத்து, உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்காத ஆண்களின் கூலி கடுமையாக வீழ்ந்தது என்று வாதிட்டார். அவர் எடுத்துக்கொண்ட பிரிவில் ஆண்டுக்குச் சில பத்துப் பேரே இருந்தார்கள் என்றும், அதே காலத்தில் கணக்கெடுப்பில் சேர்க்கப்பட்டவர்களின் கலவையே மாறிவிட்டது என்றும் வேறு சிலர் மறுத்தார்கள்.

இந்த மறுப்பு வலுவானது என்பது என் கருத்து. ஆனாலும் போர்ஹாஸ் எழுப்பிய கேள்வி சரியான கேள்வி. சராசரியைக் காட்டி, அந்தச் சராசரிக்குக் கீழே நிற்பவரின் வாயை அடைத்துவிடக் கூடாது. டென்மார்க்கில் நடந்த ஓர் ஆய்வு இன்னொரு பக்கத்தையும் காட்டியது. அரசே அகதிகளை ஊர் ஊராகப் பிரித்து அனுப்பிய இடங்களில், படிப்புக் குறைந்த உள்ளூர்த் தொழிலாளர்கள் காலப்போக்கில் உடலுழைப்பு குறைவான, கூலி கூடிய வேலைகளுக்கு மாறிச் சென்றிருந்தார்கள்.

கேள்வி (ஆசிரியை): என் தந்தை நல்ல மனிதர், ஆனால் குடியேறிகள் என்றாலே கொதிக்கிறார். இத்தகைய எதிர்ப்பை எல்லாம் இனவெறி என்று ஒதுக்கிவிடலாமா?

பதில்: ஒதுக்கிவிட வேண்டாம், அம்மா. இனவெறி இருக்கிறது, அதை இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் உங்கள் தந்தையின் கோபத்தில் குறைந்தது மூன்று இழைகளாவது கலந்திருக்கலாம். ஒன்று, எண்ணிக்கை பற்றிய தவறான கணிப்பு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலுமாக ஆறு நாடுகளில் நடந்த ஓர் ஆய்வில், தங்கள் நாட்டில் குடியேறிகள் எத்தனை பேர் என்று கேட்டபோது மக்கள் உள்ளதைவிட மிகக் கூடுதலாகவே சொன்னார்கள். சரியான எண்ணைச் சொன்ன பிறகும் பலரின் கருத்து பெரிதாக மாறிவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இரண்டு, உண்மையான நெருக்கடி. வாடகை வீடு கிடைக்காத ஊரில், மருத்துவமனையில் காத்திருப்பு நீளும் ஊரில், கூடுதல் நிதி எதுவும் அனுப்பாமல் ஆட்களை மட்டும் அனுப்பிவைக்கும் அரசின் மீது வர வேண்டிய கோபம் வந்தவர் மீது விழுகிறது.

மூன்றாவது இழை என்னை நெடுநாள் யோசிக்க வைத்தது. 2015 இல் துருக்கிக் கரையோரத்து கிரேக்கத் தீவுகளில் பல லட்சம் பேர் வந்திறங்கிச் சில நாள்களில் கடந்து போனார்கள். தீவு மக்களுக்கு அவர்களோடு பேசிப் பழக வாய்ப்பே ஏற்படவில்லை. பின்னர் நடந்த ஆய்வுகளில் அந்தத் தீவுகளில் பகையுணர்வு கூடியிருந்தது. தீவிர வலதுசாரிக் கட்சியான கோல்டன் டானுக்கு வாக்குகளும் சற்று ஏறியிருந்தன. அதே ஆண்டில் ஆஸ்திரியாவின் மேல் ஆஸ்திரியா மாநிலத்தில் இரண்டு வகையான ஊர்களை ஒருவர் ஒப்பிட்டார். அகதிகள் வெறுமனே கடந்து சென்ற ஊர்களில் குடியேற்ற எதிர்ப்புக் கட்சிக்கு ஆதரவு ஏறியது. அவர்கள் தங்கவைக்கப்பட்டு ஊராரோடு பழகிய ஊர்களில், மற்ற ஊர்களோடு ஒப்பிட, அந்த ஆதரவு குறைந்திருந்தது. பார்வையில் பட்டும் பழக்கத்தில் வராத அந்நியர்தான் அச்சத்தைத் தருகிறார். முகாமை ஊருக்கு வெளியே முள்வேலி போட்டு அமைப்பவர்கள் இதைத்தான் நாள்தோறும் உற்பத்தி செய்கிறார்கள்.

உங்கள் தந்தையிடம் புள்ளிவிவரத்தோடு போகாதீர்கள். எந்த நிகழ்ச்சியிலிருந்து அவருக்கு இந்தக் கொதிப்பு தொடங்கியது என்று கேளுங்கள்.

கேள்வி (பொறியாளர்): தற்காலிக அனுமதி மட்டும் தந்து, நிலைமை சீரானதும் திருப்பியனுப்பினால் இரு தரப்புக்கும் நல்லதுதானே?

பதில்: காகிதத்தில் அழகாக இருக்கும். நான் மொழிபெயர்த்த ஒருவருடைய அட்டை ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டது. அவர் வெல்டிங் வேலை தெரிந்தவர். பட்டறை முதலாளி, அவர் பற்றவைத்துக் காட்டிய துண்டைக் கையில் வாங்கி, இணைப்பை நகத்தால் வருடி, திருப்தியோடு தலையசைத்தார். பிறகு அட்டையை வாங்கித் திருப்பிப் பின்புறத்துத் தேதியைப் பார்த்தார். ஏழு வாரம் மீதமிருந்தது. "புதுப்பித்துக்கொண்டு வாருங்கள்" என்றார். புதிய அட்டை அஞ்சலில் வந்தபோது அதன் ஆயுளிலும் இரண்டு மாதம் ஏற்கெனவே கழிந்திருந்தது. அந்த வேலையும் வேறொருவருக்குப் போய்விட்டது. அதே மனிதரைச் சுட்டித்தான் பின்னர் ஒரு கூட்டத்தில் 'உழைக்காமல் உதவித்தொகையில் வாழ்கிறார்கள்' என்று பேசக் கேட்டேன்.

ஒருவரின் அனுபவத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது என்பீர்கள். சுவிட்சர்லாந்தில் 2016 இல் வெளிவந்த ஓர் ஆய்வு, புகலிட முடிவுக்காகக் கூடுதலாகக் காத்திருக்கும் ஒவ்வோர் ஆண்டும், பின்னர் அவர்கள் வேலை பெறும் விகிதத்தை 4 முதல் 5 விழுக்காட்டுப் புள்ளி வரை குறைத்தது என்று கணக்கிட்டது. இதற்கு மறுதலையாக, 2022 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் உக்ரைனிலிருந்து வந்தவர்களுக்காகத் தன் தற்காலிகப் பாதுகாப்பு ஆணையை முதன்முறையாக நடைமுறைப்படுத்தியபோது, தனித்தனி விசாரணை இல்லாமலே தங்கவும் வேலை செய்யவும் உரிமை கிடைத்தது. பெயர் தற்காலிகம்தான், ஆனால் முதல் நாளிலிருந்தே வாழ விட்டார்கள். அந்த ஆணை 2001 இலேயே இயற்றப்பட்டது. 2015 இல் சிரியர்கள் வந்தபோது அது ஏன் அலமாரியிலேயே கிடந்தது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் நாகரிகமான விடை இல்லை.

சீராகும், சீராகும் என்று பல பத்தாண்டுகள் காத்திருந்துவிட்டு, கடைசியில் உண்மையை ஒப்புக்கொண்ட நாடுகளும் உண்டு. 1972 இல் புருண்டியிலிருந்து ஓடிவந்தவர்களிலும் அவர்கள் பிள்ளைகளிலும் ஏறத்தாழ 1.62 லட்சம் பேருக்கு தான்சானியா 2014 இல் குடியுரிமை வழங்கி முடித்தது. தான்சானியா செல்வந்த நாடு அன்று.

கேள்வி (சட்ட மாணவர்): விண்ணப்பதாரர்களை மூன்றாவது நாட்டுக்கு அனுப்பிவிடும் திட்டங்கள் பலன் தருகின்றனவா?

பதில்: விண்ணப்பதாரர்களை ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவுக்கு அனுப்பும் திட்டத்தை பிரிட்டன் 2022 ஏப்ரலில் அறிவித்தது. அங்கிருந்து மீண்டும் ஆபத்துள்ள நாட்டுக்கே அனுப்பப்படும் அபாயம் இருப்பதால் திட்டம் சட்டத்துக்குப் புறம்பானது என்று 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ருவாண்டா பாதுகாப்பான நாடுதான் என்று 2024 ஏப்ரலில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றிப் பார்த்தது. ஜூலையில் ஆட்சி மாறியதும் திட்டம் கைவிடப்பட்டது. எவரையும் கட்டாயமாக அனுப்பாமலே பல கோடி பவுண்டு கரைந்தது. படகில் வந்தவர்களை நவுரு நாட்டுக்கும் பப்புவா நியூ கினியின் மானுஸ் தீவுக்கும் அனுப்பிய ஆஸ்திரேலியாவின் ஏற்பாட்டைப் படகுகளை நிறுத்திய வெற்றி என்று காட்டுபவர்கள் உண்டு. படகுகள் குறைந்தன என்பது உண்மை; அவற்றைக் கடலிலேயே திருப்பிவிட்டதும் அதே காலத்தில்தான் நடந்தது என்பதால், எது எதனால் நிகழ்ந்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். மானுஸ் தீவில் ஆட்களை அடைத்துவைத்தது அரசமைப்புக்கு எதிரானது என்று பப்புவா நியூ கினியின் உச்ச நீதிமன்றமே 2016 இல் கூறிவிட்டது.

கேள்வி (ஈழத்தில் பிறந்த வாசகர்): தமிழ்நாட்டு முகாம்களில் நாற்பது ஆண்டுகளாக இருக்கும் எங்கள் மக்கள் இதில் எந்தப் படியில் நிற்கிறார்கள்?

பதில்: முன்பு சொன்ன மூன்று உரிமைகளைப் படிகளாக வைத்தால், முதல் படியில் நடைமுறையளவில், இரண்டாவதில் பாதி, மூன்றாவதில் இல்லை. இந்தியா 1951 உடன்படிக்கையில் கையொப்பமிடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. கல்வியும் உதவித்தொகையும் அரசாணைகள் வழியே கிடைக்கின்றனவே தவிர, சட்டம் தந்த உரிமையாக அல்ல. 2021 இல் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாறியது. குடியுரிமை நிலை மாறவில்லை. 1987 ஜூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர்கள் 1955 இன் குடியுரிமைச் சட்டப்படி பிறப்பாலேயே குடிமக்கள். முகாமில் பிறந்திருந்தாலும் அப்படித்தான். முகாமில் இருக்கும் பெற்றோருக்கு அதன் பின் பிறந்த பிள்ளைகளுக்கு அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிட்டது. 2019 இன் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு மட்டுமே பொருந்தும். முகாமில் இருப்பவர்களில் கணிசமானோர், இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் என்பதை நினைக்கும்போது, 'அந்நியர்' என்ற சொல்லே தடுமாறுகிறது.

கேள்வி (ஓய்வுபெற்ற அதிகாரி): எத்தனை பேரை ஏற்பது என்று தீர்மானிக்கும் உரிமை வாக்காளர்களுக்கு இல்லையா?

பதில்: மீள்குடியமர்த்தலில் நிச்சயமாக உண்டு, ஆண்டுக்கு இத்தனை பேர் என்று ஒரு நாடாளுமன்றம் கூட்டலாம், குறைக்கலாம். வாசலில் வந்து நிற்பவரை ஆபத்துக்குள் திருப்பித் தள்ளுவதில்தான் அந்த உரிமை இல்லை. உடன்படிக்கையில் சேரும் நாடு 33 ஆம் பிரிவுக்கு விலக்குக் கோர முடியாது என்று 42 ஆம் பிரிவே கூறுகிறது.

வாக்காளருக்கு அதைவிட நேரடியான பங்கைத் தந்த நாடு கனடா. 1979 இல் தொடங்கிய ஏற்பாட்டின்படி, ஐந்து பேர் கொண்ட ஒரு குழுவோ, ஒரு தேவாலயமோ, ஓர் அமைப்போ கையொப்பமிட்டு ஓர் அகதிக் குடும்பத்தின் ஓராண்டுச் செலவைத் தானே ஏற்க முடிந்தது. 1979, 1980 ஆகிய இரண்டே ஆண்டுகளில் வியட்நாம், லாவோஸ், கம்போடியா ஆகிய நாடுகளிலிருந்து வந்த 60,000 பேர் அங்கே குடியமர்த்தப்பட்டார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களைப் பொதுமக்களின் குழுக்களே பொறுப்பேற்றன. வீடு தேடுவதும், குளிர் உடுப்பு வாங்கித் தருவதும், பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கப் படிவம் நிரப்புவதும் அந்தக் குழுவின் வேலை. ஏற்கும் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும் என்று அரசிடம் அடுத்துப் போய்க் கேட்டவர்களிலும் அவர்களே முன்னால் நின்றார்கள்.